உதட்டுக்கு ஒரு மதகு

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



திருச்சிப் பக்கத்து நேயர்களுக்கு முக்கொம்பைப் பற்றி நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊருக்கு மேற்கே, கரூர் சாலையில் ஏறத்தாழ 18 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு பிள்ளைகளோடு நாம் பலமுறை போய்வந்த இடம். பிள்ளைகளைப் பூங்காவில் விளையாட விட்டுவிட்டு, ஷட்டர் வழியாகத் தண்ணீர் நுரைத்து விழுவதை வேடிக்கை பார்த்திருப்போம். அகண்ட காவிரியாக வருகிற ஆறு அங்கே இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். இரண்டுக்கும் நடுவே இருப்பது திருவரங்கத் தீவு.

வெளியூர் நேயர்களுக்காக ஒரு செய்தி. இந்த இரண்டில் கொள்ளிடம் சரிவு கூடியது, நேராகக் கடலைப் பார்த்து ஓடுவது. தண்ணீருக்கு இறக்கம்தானே பிடிக்கும்? ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, வருகிற தண்ணீரில் பெரும்பங்கு கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. காவிரியின் தலைப்பிலோ மணல் மேடிட்டது. தஞ்சைச் சீமையின் வயல்கள் தண்ணீருக்குத் தவித்தன. 1836ஆம் ஆண்டு ஆர்தர் காட்டன் என்ற பொறியாளர் கொள்ளிடத்தின் தலைப்பில் குறுக்கே ஓர் அணையைக் கட்டினார். மேலணை என்று நாம் சொல்வது அதைத்தான்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேலணை, மேட்டூரைப் போலத் தண்ணீரைத் தேக்கி வைப்பதற்காகக் கட்டிய அணை அல்ல. வருகிற தண்ணீரை எந்தப் பக்கம், எவ்வளவு அனுப்புவது என்று பார்த்துத் திருப்பிவிடுகிற அணை. தானாகத் தாழ்வான பக்கம் ஓடப் பார்க்கிற தண்ணீரைப் பயிர் இருக்கிற பக்கம் அனுப்பி வைக்கிற அணை.

அணையைப் பற்றி ஏன் இவ்வளவு நேரம் பேசுகிறோம் என்று கேட்பீர்கள். திருப்பாடல்களில் 141ஆவது திருப்பாடலை எடுத்துப் பாருங்கள். தம் வாய்க்கு ஒரு காவலாளியை வைக்கும்படியும், தம் இதழ்களாகிய கதவைக் காக்கும்படியும் அந்தப் பாடலாசிரியர் ஆண்டவரிடம் மன்றாடுகிறார். வாயைத் தைத்துவிடும்படி அவர் கேட்கவில்லை. காவல்தான் கேட்கிறார். கதவு என்றால் திறக்கவும் வேண்டும், மூடவும் வேண்டும். நம் பகுதி மொழியில் சொன்னால், உதட்டுக்கு ஒரு மதகு கேட்கிறார். கிறிஸ்தவர்களாகிய நாம் எப்படிப் பேச வேண்டும் என்பதை இந்த மதகை மனதில் வைத்துக்கொண்டு இன்று சிந்திப்போம்.

முதலாவது, நம் பேச்சும் இறக்கத்தைத்தான் தேடுகிறது. பூசை முடிந்து கோவில் வாசலில் நாம் நிற்கிற அந்தப் பத்து நிமிடத்தை எண்ணிப் பாருங்கள். பேச்சு நல்லபடியாகத்தான் தொடங்கும். "மழை உண்டா உங்க ஊர்ல?", "மகன் பரீட்சை எழுதிட்டானா?" என்று ஆரம்பிக்கும். ஐந்தாவது நிமிடத்தில், "உங்களுக்கு விஷயம் தெரியுமா?" என்று ஒருவர் குரலைத் தாழ்த்துவார். உடனே எல்லாரும் ஓரடி நெருங்கி நிற்போம். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. சரிவு அந்தப் பக்கம் இருந்தது, பேச்சு அங்கே ஓடிவிட்டது.

அதே வாசலில் ஒருவரைப் பற்றி நல்லதாகப் பேசத் தொடங்கினால் எத்தனை பேர் நெருங்கி வந்து நிற்கிறோம்? "அவர் நல்ல மனுஷன்தான்" என்று ஒரு சொல் சொல்வோம். அதற்குப் பிறகு "ஆனா" என்று ஒரு சொல் வரும். அந்த "ஆனா"வுக்குப் பிறகு வருவதெல்லாம் கொள்ளிடம்.

இது சின்ன விஷயம் என்று நாம் நினைக்கலாம். ஒரு வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை வீட்டார் தெருவில் வந்து நம்மிடம் விசாரிக்கிறார்கள். நாம் பொய் எதுவும் சொல்லவில்லை. "குடும்பம் எப்படி?" என்று அவர்கள் கேட்டபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "விசாரிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்கிறோம். வந்தவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அந்த வீட்டில் அன்று இரவு யாரும் சாப்பிடவில்லை. ஏன் வரன் தட்டிப்போனது என்று அவர்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். மத்தேயு நற்செய்தி பன்னிரண்டாம் அதிகாரத்தில், வீணாகச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் தீர்ப்பு நாளில் கணக்குக் கேட்கப்படும் என்று இயேசு எச்சரிக்கிறார். பெரிய பொய்களுக்கு மட்டும் என்று அவர் சொல்லவில்லை.

அன்பார்ந்தவர்களே, 2018ஆம் ஆண்டை நாம் மறக்கக்கூடாது. அந்த ஆண்டு நம் தமிழ்நாட்டில் இரண்டு உடைப்புகள் நடந்தன.

ஒன்று முக்கொம்பில். அந்த ஆண்டு மேட்டூர் அணை 120 அடியை எட்டி, காவிரி கரைபுரண்டு வந்தது. ஆகஸ்ட் 22 இரவு மேலணையின் ஷட்டர்கள் உடைந்து விழத் தொடங்கின. கொள்ளிடத்தின் குறுக்கே இருந்த 45இல் ஒன்பது ஷட்டர்கள் போயின. 182 ஆண்டுகள் தாங்கிய அணை அது. தண்ணீர் உடைப்பு வழியாகக் கொள்ளிடத்தில் பாய்ந்தது. பாறாங்கற்களையும் மணல் மூட்டைகளையும் கொண்டுவந்து போட்டு இரவு பகலாக உடைப்பை அடைத்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்து நாமெல்லாம் பதறினோம்.

மற்றொரு உடைப்பு அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே நடந்துவிட்டது. குழந்தைகளைக் கடத்தும் கும்பல் ஊருக்குள் புகுந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் செய்திகள் பரவிக்கொண்டிருந்த சமயம். மே 9ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோவிலுக்குப் போவதற்காகச் சென்னையிலிருந்து உறவினர்களோடு காரில் வந்த 65 வயதுத் தாய் ஒருவர், வழியில் குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். குழந்தை பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்த கூட்டம் அவர்களைத் துரத்தித் துரத்தி அடித்தது. அந்தத் தாய் இறந்துபோனார். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள்.

அந்தச் செய்தியைக் கைபேசியில் அனுப்பியவர்கள் யாரையும் கொல்ல நினைத்திருக்க மாட்டார்கள். "எதுக்கும் நம்ம ஆளுங்களுக்குச் சொல்லி வைப்போம்" என்றுதான் அனுப்பியிருப்பார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் அவர்கள். தாய்மார்கள், ஆசிரியர்கள், ஒருவேளை செபக் குழுவில் இருப்பவர்கள். விரலால் ஒரு தட்டு, அவ்வளவுதான். அந்த ஒவ்வொரு தட்டும் ஒரு ஷட்டர் உடைந்து விழுந்ததற்குச் சமம். கடைசியில் வெள்ளம் போய்ச் சேர்ந்தது, கையில் இனிப்போடு நின்ற ஒரு தாயின் மேல்.

அதே ஆண்டு ஜூலை மாதம் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் வந்த செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்பாடு கொண்டுவருவதாக அறிவித்தது. ஒரு நிறுவனத்துக்கே மதகு தேவை என்று புரிந்தது. அதற்கு முன்பே, ஜனவரி 24ஆம் தேதி, எழுத்தாளர்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் பாதுகாவலரான புனித பிரான்சிஸ் சலேசியார் திருநாளில், மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்தியை வெளியிட்டிருந்தார். பொய்ச் செய்தியைப் பற்றித்தான் அந்த ஆண்டு அவர் எழுதினார். ஏதேன் தோட்டத்துப் பாம்பு செய்த வேலையையே பொய்ச் செய்திகளுக்கு முன்மாதிரியாக அவர் காட்டுகிறார். யோசித்துப் பாருங்கள். பாம்பு முழுப் பொய்யோடு வரவில்லை. கடவுள் ஒரே ஒரு மரத்தை விலக்கியிருந்தார். எந்த மரத்தின் கனியையும் உண்ணக்கூடாது என்றா சொன்னார் என்று அது அக்கறையோடு விசாரித்தது. உண்மையில் ஒரு துளி திரிபு. உலகத்தின் முதல் வதந்தி ஒரு கேள்வியாகத்தான் வந்தது. "விசாரிச்சுக்குங்க" என்று நாம் சொல்கிறோமே, அந்தக் குரலில்தான் வந்தது.

அப்படியானால் மதகை எப்போது மூட வேண்டும், எப்போது திறக்க வேண்டும்? திருச்சபையின் வாழ்விலிருந்து இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம்.

மூடத் தெரிந்தவர் புனித யோவான் நெப்போமுக். செக் நாட்டுப் பிராகா நகரில் பேராயரின் முதன்மைக் குருவாக இருந்தவர். 1393ஆம் ஆண்டு மார்ச் 20 அன்று, அரசன் நான்காம் வென்செஸ்லாஸின் ஆணைப்படி அவரைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொன்றார்கள். அரசனுக்கும் பேராயருக்கும் இடையே இருந்த நிர்வாகச் சச்சரவே காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வார்கள். ஆனால் மக்களிடையே தலைமுறை தலைமுறையாக வழங்கிவருகிற மரபு வேறு. அரசி ஒப்புரவு அருட்சாதனத்தில் சொன்னதைத் தனக்குச் சொல்லும்படி அரசன் வற்புறுத்தினான், அவர் வாய் திறக்க மறுத்துவிட்டார், அதனால் உயிர் போனது என்பது அந்த மரபு. 1729இல் திருச்சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. இன்றும் ஐரோப்பாவில் பல ஆற்றுப் பாலங்களில் அவர் சிலை நிற்கிறது. அவதூறிலிருந்தும் வெள்ளத்திலிருந்தும் காக்கும்படி மக்கள் அவரிடம் மன்றாடுகிறார்கள். அவதூறும் வெள்ளமும்! இரண்டும் ஒரே புனிதரின் பொறுப்பில் இருப்பது பொருத்தம்தான்.

நம்மிடம் எந்த அரசனும் வந்து மிரட்டப் போவதில்லை. ஆனால் நம்மை நம்பி ஒருவர் அழுதுகொண்டே சொன்ன குடும்பக் கஷ்டம் நம்மிடம் இருக்கிறது. அன்பியக் கூட்டத்தில் செபத்துக்கென்று ஒரு சகோதரி மனம் திறந்து சொன்னது இருக்கிறது. அது கூட்டம் முடிவதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டால், அடுத்த முறை அந்தச் சகோதரி எங்கே போய் அழுவார்? சில வேளைகளில் நாம் அதற்குச் செப வேஷம் போட்டுவிடுகிறோம். "அவங்களுக்காக வேண்டிக்கணும், ஏன் தெரியுமா?" என்று தொடங்குகிறோம். வேண்டுதலுக்கு ஆண்டவரிடம் போனால் போதும். அவருக்கு விவரம் தெரியும்.

சீராக்கின் ஞானநூல் இதை நகைச்சுவையாகவே சொல்கிறது. ஒரு செய்தியைக் கேட்டாயா, அது உன்னோடு முடிந்துபோகட்டும், அதனால் உன் வயிறு ஒன்றும் வெடித்துவிடாது என்ற பொருளில் பத்தொன்பதாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. இருபத்தெட்டாம் அதிகாரத்தில் இன்னும் ஒருபடி மேலே போகிறார். தோட்டத்துக்கு வேலி போடுகிறோம், வெள்ளியையும் பொன்னையும் பூட்டி வைக்கிறோம். அதுபோல வாய்க்குக் கதவும் தாழ்ப்பாளும் செய்துகொள் என்கிறார், சொற்களை நிறுக்க ஒரு தராசும் செய்துகொள் என்கிறார். நகைக்கடையில் குண்டுமணி எடைக்கும் கணக்குப் பார்க்கிற நமக்கு இது நன்றாகப் புரியும்.

ஆனால் மூடியே வைத்த மதகால் எந்த வயலும் விளையாது. பேச வேண்டிய இடத்தில் பேசாமலிருப்பதும் பாவம்தான். பூசையின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்கும்போது, செய்த குற்றங்களை மட்டுமா சொல்கிறோம்? செய்யத் தவறிய கடமைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

திறக்கத் தெரிந்தவர் ஒருவரை நம் மண்ணிலேயே பார்க்கலாம். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மேலணை கட்டியபோது பத்து வயதுப் பையன். அவர் குருவுமல்ல, துறவியுமல்ல. குடும்பஸ்தர், உத்தியோகஸ்தர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் வேலை பார்த்தார். பிறகு முன்சீப் ஆகி, காவிரியின் கடைமடைப் பக்கம் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று பணியாற்றினார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் நாம் இன்று நினைக்க வேண்டிய காரியம் வேறு.

அந்தக் காலத்தில் மேல் நீதிமன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. நிலத்தை இழந்த குடியானவனுக்கு, தான் ஏன் இழந்தோம் என்றே தெரியாது. யாரோ சொல்வதை நம்பித் தலையாட்டிவிட்டு ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். வேதநாயகம் பிள்ளை அந்தத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழாக்கி 'சித்தாந்த சங்கிரகம்' என்ற பெயரில் 1862இல் நூலாக வெளியிட்டார். நீதி எங்கோ மேலே ஓடிக்கொண்டிருந்தது. அதை அவர் சாமானியர்களின் மொழிக்குத் திருப்பிவிட்டார். அந்த நூலில் செபம் எதுவும் இல்லை, சட்டம்தான் இருந்தது. ஆனாலும் விசுவாசமுள்ள ஒரு மனிதரின் பேச்சு எப்படிப் பிறருக்கு உதவ முடியும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

ஏனென்றால், கிறிஸ்தவப் பேச்சு என்றால் வாக்கியத்துக்கு ஒருமுறை "ஆண்டவருக்குத் தோத்திரம்" சொல்வது என்று சிலர் நினைக்கிறார்கள். சொல்லட்டும், நல்லதுதான். ஆனால் தூய பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் நான்காம் அதிகாரத்தில் கொடுக்கும் அளவுகோல் அதுவல்ல. கெட்ட வார்த்தை எதுவும் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கேட்கிறவர்களின் தேவைக்கு ஏற்ப அவர்களுக்குப் பயனளிக்கும் சொல்லே வரவேண்டும் என்கிறார். பேசுகிறவர் எவ்வளவு பக்தியாகப் பேசினார் என்பது அங்கே கேள்வியே அல்ல. கேட்டவருக்கு என்ன கிடைத்தது? அதுதான் கேள்வி. வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் நிற்கும் பெரியவருக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பதும், தேர்வில் தோற்ற பிள்ளையிடம் "சாப்பிட வா" என்று மட்டும் சொல்வதும், கணவனை இழந்த வீட்டில் நீளமாக ஆறுதல் பேசாமல் "பக்கத்துலயே இருக்கோம்" என்று சொல்வதும் அந்தத் திருமுகம் கேட்கிற பேச்சு.

பயனளிக்கும் பேச்சு எப்போதும் இனிக்கும் என்பதும் இல்லை. தவறு செய்கிற சகோதரனிடம் தவறைச் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று மத்தேயு நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவரே வழிகாட்டுகிறார். முதலில் அவரிடம் தனியாகப் போய்ச் சொல். நாம் என்ன செய்கிறோம்? அவரைத் தவிர மற்ற எல்லாரிடமும் சொல்லிவிட்டு, கடைசியாக அவர் காதில் விழும்படி விட்டுவிடுகிறோம். தண்ணீர் அதே தண்ணீர்தான். போன பக்கம்தான் வேறு.

இன்னொன்றையும் நாம் சொல்லியே ஆகவேண்டும். நம் தமிழ்மொழிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. ஒருவரைப் பார்த்து வாய் திறந்தவுடன் "நீ" என்பதா "நீங்க" என்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். "வா" என்பதா "வாங்க" என்பதா? அந்த ஒரு எழுத்தில் நம் மனதில் இருப்பது வெளியே வந்துவிடும். பங்குத் தந்தையைப் பார்த்ததும் "தோத்திரம் சாமி" என்று கைகூப்புகிறோம். அதே நிமிடத்தில், கோவில் வளாகத்தைக் கூட்டிக்கொண்டிருக்கும் அறுபது வயதுத் தாயை நம் வீட்டுப் பத்து வயதுப் பிள்ளை "ஏய், இங்க வா" என்று கூப்பிடுகிறது. நாம் திருத்துவதில்லை. ஏனென்றால் பிள்ளை நம்மிடமிருந்துதான் அதைக் கற்றுக்கொண்டது. சாதிப் பெயரை வசைச்சொல்லாக வீட்டுக்குள் நாம் பேசும்போது பிள்ளைகள் அறையில்தான் இருக்கிறார்கள். ஒரே அப்பத்தில் பங்குபெறுகிற இரண்டு பேரில் ஒருவர் "வாங்க", மற்றவர் "வா" என்றால், நற்கருணையைப் பற்றி நாம் பிள்ளைகளுக்கு என்ன மறைக்கல்வி கொடுத்தாலும் பிள்ளைகள் இந்தப் பாடத்தைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள்.

தூய யாக்கோபு தம் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில் இதைத்தான் கேட்கிறார். தந்தையாகிய கடவுளைப் போற்றுகிற அதே நாவால், அவருடைய சாயலில் உண்டான மனிதரைச் சபிக்கிறோமே, இது ஆகுமா? ஒரே ஊற்றுக்கண்ணிலிருந்து நல்ல தண்ணீரும் கசப்புத் தண்ணீரும் சுரக்குமா? நற்செய்தி வாசிக்கும் முன் நாம் நெற்றியிலும் உதட்டிலும் நெஞ்சிலும் சிலுவை வரைகிறோம். திருமுழுக்கில் "எப்பத்தா" சடங்கின்போது குரு நம் காதையும் வாயையும் தொட்டு, ஆண்டவருடைய வார்த்தையைக் கேட்கவும் விசுவாசத்தை அறிக்கையிடவும் அவை திறக்கும்படி செபித்தார். அந்த உதடு இது. ஆண்டவருடைய திருவுடலை வாங்குகிற நாவு இது.

இங்கே ஒரு கேள்வி வரலாம். "எல்லாம் சரி, எங்களுக்கும் கோபம் வருதே? மனசுல அடக்கி வச்சா நாங்கதானே வெடிச்சுப் போவோம்?" நியாயமான கேள்வி. மேலணையைக் கட்டியவர் கொள்ளிடத்தை மண் போட்டு மூடிவிடவில்லை. வெள்ளக் காலத்தில் அதுதான் வடிகால். கொள்ளிடம் இல்லாவிட்டால் காவிரிக் கரை ஊர்கள் மூழ்கிப் போகும். நம் கோபத்துக்கும் ஆண்டவர் வடிகால் வைத்திருக்கிறார். திருப்பாடல்களில் எத்தனை பாடல்கள் புலம்பல் என்று பாருங்கள். ஏன் தூரத்தில் நிற்கிறீர், எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்று கடவுளிடமே சண்டை போடுகிறார்கள். ஆண்டவர் அதைக் கேட்டு மனம் நோகமாட்டார். ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. அங்கே சொன்னது எங்கும் போகாது. பக்குவமான ஒரு மூத்த நண்பர் இருக்கலாம். வெள்ளத்தை அங்கே வடியவிட்டு, மருமகள் மேலும் பிள்ளைகள் மேலும் பாயாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஆழமாகப் போனால், மதகை மட்டும் கவனித்தால் போதாது. முக்கொம்புக்கு வருவது மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர். அங்கே திறந்தது சில நாள்களில் இங்கே வந்து நிற்கும். உள்ளத்தில் நிறைந்திருப்பதையே வாய் பேசுகிறது என்று ஆண்டவர் சொன்னது அதைத்தான். நாள் முழுவதும் எதைக் கேட்கிறோம், எதைப் பார்க்கிறோம், இரவில் யாரை நினைத்துப் பொருமிக்கொண்டு படுக்கிறோம்? அது சில நாள் கழித்து நம் உதட்டுக்கு வரும். தினமும் கால்மணி நேரம் நற்செய்தியை வாசிக்கிற குடும்பத்தின் பேச்சும், தினமும் மூன்று மணி நேரம் தொலைக்காட்சியில் மாமியார் மருமகள் சூழ்ச்சியைப் பார்க்கிற குடும்பத்தின் பேச்சும் ஒரே மாதிரி இருக்க முடியுமா?

ஏற்கெனவே உடைத்துவிட்டோமே, என்ன செய்வது என்று யாராவது மனம் வருந்திக் கேட்டுக்கொண்டிருந்தால், அவர்களுக்காக ஒரு சொல். 2018இல் முக்கொம்பை உடைந்தபடியே விட்டுவிடவில்லை. முதலில் மணல் மூட்டை போட்டார்கள். பிறகு கொள்ளிடத்தின் குறுக்கே புதிய கதவணையைக் கட்டினார்கள். நமக்கும் அதே வரிசைதான். முதலில் ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவோம். அந்தப் பேச்சு அடுத்த முறை நம்மிடம் வரும்போது, "இல்லீங்க, அன்னிக்கு நான் சொன்னது சரியில்ல" என்று சொல்லிவிடுவோம். யாரிடம் போய்க் கெடுத்தோமோ அவரிடமே போய்ச் சரிசெய்வோம். பொருளைத் திருடியவர் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நமக்குத் தெரியும். ஒருவருடைய நற்பெயரைத் திருடியவரும் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது திருச்சபையின் படிப்பினை. எல்லாவற்றையும் திருப்ப முடியாது. கடலுக்குப் போன தண்ணீர் போனதுதான். ஆனால் அடுத்த வெள்ளம் வருவதற்குள் அணை நிற்க வேண்டும்.

கடைசியாக, பேதுருவை நினைத்துக்கொள்வோம். ஆண்டவரைப் பிடித்துக்கொண்டு போன இரவில் தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று சாதித்தார். சுற்றி நின்றவர்கள் நம்பவில்லை. ஏன்? அவருடைய பேச்சு அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. கலிலேயாக்காரர் என்று அந்த உச்சரிப்பே சொல்லிவிட்டது. மதுரைக்காரர் வாய் திறந்தால் மதுரை என்று தெரியும், நாகர்கோவில்காரர் வாய் திறந்தால் நாகர்கோவில் என்று தெரியும். அப்படி இயேசுவோடு மூன்று ஆண்டுகள் நடந்தவரின் ஊர்ப் பேச்சு அவரை மறைக்கவிடவில்லை. ஆனால் சொன்ன வார்த்தைகளோ மறுதலிப்பு.

நாம் ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவரோடு இருந்துவிட்டு வருகிறோம். திங்கட்கிழமை பேருந்தில், காய்கறிச் சந்தையில், அலுவலகத்தில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நாம் பேசுவதைக் கேட்டு, "இவங்க அந்த இயேசுவோட ஆளுங்கதானே?" என்று யாராவது கண்டுபிடிப்பார்களா? கழுத்தில் கிடக்கும் செபமாலையைப் பார்க்காமல், பேச்சை மட்டும் கேட்டுக் கண்டுபிடிப்பார்களா?

இந்த வாரம் மூன்று காரியம் செய்து பார்ப்போம். உண்மை என்று தெரியாத ஒரு செய்தியையாவது அனுப்பாமல் நம்மோடு முடித்துக்கொள்வோம். இதுவரை "வா, போ" என்று அழைத்த ஒரு பெரியவரை "வாங்க" என்று அழைப்போம், பிள்ளைகள் காதில் விழும்படி அழைப்போம். நம் வார்த்தையால் காயப்பட்ட ஒருவரிடம், காரணம் எதுவும் சேர்க்காமல், "மன்னிச்சிடுங்க" என்று சொல்வோம். பேதுருவுக்கும் மறுபடி பேச வாய்ப்புக் கிடைத்தது. ஏரிக்கரையில் மூன்று முறை, தாம் நேசிப்பதாக அவர் சொன்னார். மறுதலித்த அதே வாயால்தான் சொன்னார்.

மன்றாடுவோம்: ஆண்டவரே, எங்கள் வாய்க்கு நீரே காவலாயிரும். தாழ்ந்த பக்கம் ஓடத் துடிக்கும் எங்கள் பேச்சை, தாகத்தோடு காத்திருக்கும் மனிதர் பக்கம் திருப்பியருளும். எங்கள் சொல்லால் பெயர் இழந்தவர்களுக்கும், உயிர் இழந்தவர்களுக்கும், உறக்கம் இழந்தவர்களுக்கும் நீரே ஆறுதலாயிரும். மூட வேண்டிய நேரத்தில் மூடவும், திறக்க வேண்டிய நேரத்தில் அஞ்சாமல் திறக்கவும் தூய ஆவியாரின் ஞானத்தை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய இயேசு கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.